கிளிக்ளசைட் குளிசை: சாப்பிடாத நாளில் ஏன் ஆபத்து?

"சீனிக்கு என்ன குளிசை போடுறீங்க?" என்று மருந்து கொடுக்கும் யன்னலடியில் கேட்டால், "வெள்ளைக் குளிசைதான் தம்பி, காலையில ஒண்டு, இரவில ஒண்டு" என்பதுதான் வழமையான பதில். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற குளிசைகளில் பல வெள்ளைதான். அவற்றுள் ஒன்றைப் போட்டுவிட்டு ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் ஆள் நினைவிழந்து விழலாம். உங்கள் உறையில் இருப்பது எது என்பது உங்களுக்கும், உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பில் மருந்தாளராக வேலை செய்கிற எனக்கு, சீனி கூடி வருகிறவர்களைவிட, சீனி இறங்கித் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களைக் கண்டால்தான் மனம் பதைக்கும். அவர்களில் பலருக்கு அது வராமலே தடுத்திருக்கலாம்.

முதலாவது மெட்போமின். ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற சீனியை அது குறைக்கிறது. தனியே எடுக்கும்போது சீனியை அளவுக்கு மீறி இறக்குவது அரிது. இரண்டாவது கிளிக்ளசைட். கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட், கிளிமிபிரைட் எல்லாம் இதன் குடும்பம்தான். இவை சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. குளிசை உள்ளே போனால் இன்சுலின் வரும். சாப்பாடு வராவிட்டால் இரத்தத்தில் இருக்கிற சீனி இறங்கிக்கொண்டே போகும். கிளிக்ளசைட் நல்ல மருந்து. விலை குறைவு, நீண்ட காலமாகப் பாவனையில் உள்ளது, சீனியை நன்றாகக் கட்டுப்படுத்தும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலிருந்து ஒரு பெரியவரை மகன்மார் கொண்டு வந்தார்கள். வரம்பில் இருந்தபடி ஏதேதோ புலம்பியிருக்கிறார், பிடிக்கப் போனவரைத் தள்ளியிருக்கிறார். வெறியில் கிடக்கிறார் என்று நினைத்து, தெளியட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டார்கள். ஆசுபத்திரிக்கு வரும்போது சேட்டெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது, உடம்போ குளிர்ந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 40க்கும் கீழே (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்). நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, "என்ன நடந்த?" என்று கேட்டார். விடியற்காலையில் குளிசையைப் போட்டிருக்கிறார். வெட்டு மெசின் வந்துவிட்டது என்று வெறும் பிளேன்டியோடு வயலுக்குப் போயிருக்கிறார். எழும்பி உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நின்றார். வாட்டில் மறித்து வைத்தார்கள். கிளிக்ளசைட் குடும்பத்துக் குளிசை உடம்பில் மணிக்கணக்காக நின்று வேலை செய்யும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்த பிறகு சீனி மீண்டும் இறங்கலாம். அதனால்தான், "இப்ப சுகம், போறன்" என்கிறவரையும் ஒரு நாளாவது வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

சீனி 70க்குக் கீழே போனால் தாழ்சீனி. கை உதறும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி வயிற்றைப் பிடுங்கும், உதடு விறைக்கும், பார்வை மங்கும். இன்னும் இறங்கினால் மூளைக்குச் சீனி போதாமல் பேச்சும் நடத்தையும் மாறும். சும்மா இருந்தவர் எரிந்து விழுவார். வயதானவர் இடம் தெரியாமல் தடுமாறுவார். இரவில் இறங்கினால் கெட்ட கனவு வரும், படுக்கை வியர்வையில் நனைந்திருக்கும், காலையில் தலையிடிக்கும். பிரஷருக்கு அட்டெனோலோல், புரோப்ரனோலோல் எடுக்கிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அந்தக் குளிசைகள் படபடப்பையும் உதறலையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. அதையே அடையாளமாகக் கொள்ளுங்கள்.

அப்படி வந்தால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். "சீனி வருத்தக்காரருக்குச் சீனி குடுக்கிறதா?" என்று தயங்கி நிற்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்துக்குச் சீனிதான் மருந்து. சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்தவுடன் பாணோ பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கள், அது இலவசம்.

ஆபத்து அதிகம் ஒளிந்திருக்கிற நாள் எதுவென்று என்னைக் கேட்டால், கிளினிக் நாள் என்பேன். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். சாப்பிடக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கும். குளிசையையும் போடக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. வழக்கப்படி வீட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள். பிறகு நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, இரத்தம் கொடுத்து முடிய வெயில் ஏறிவிடும். அதற்குள் வாங்கிலேயே ஒருவர் சரிந்திருப்பார். இன்னும் சிலர், ரிப்போட்டில் சீனி கூடிக் காட்டினால் டொக்டர் ஏசுவார் என்று பயந்து முதல் நாள் இரவில் குளிசையைக் கூட்டிப் போடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் டொக்டர் அடுத்த மாதத்து அளவைத் தீர்மானிக்கிறார். இரத்தப் பரிசோதனைக்கு வரும் காலையில் கிளிக்ளசைட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பொதியும் கட்டிக்கொண்டு வாருங்கள். இரத்தம் கொடுத்த பிறகு குளிசையைப் போட்டு உடனே சாப்பிடுங்கள்.

விரதமும் நோன்பும் அப்படித்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடும்வரை பச்சைத்தண்ணி வாயில் வைக்காத அம்மாமார் இருக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு 6 நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் குளிசையை வழமைபோலப் போட்டுவிட்டு விரதம் இருக்க முடியாது. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்தில் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே டொக்டரிடம் பேசிவிடுங்கள். வழமையாகப் பெரிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, சஹர் நேரத்து அளவைக் குறைப்பார். நோன்போடு விரலில் குத்திச் சீனி பார்க்கலாம். 70க்குக் கீழே இருந்தால் அந்த இடத்திலேயே நோன்பை விட வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் பக்கத்தில் ஆசுபத்திரி கிடையாது. நடை சீனியை இறக்கும், சாப்பாட்டு நேரமும் தவறும். புறப்படுவதற்கு முன் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மடியில் குளுக்கோஸ் பக்கற் ஒன்று இருக்கட்டும். கூட வருகிற ஒருவருக்காவது உங்கள் வருத்தம் தெரிந்திருக்கட்டும்.

பெயரும் அளவும் குழம்புவதாலும் விபத்து நடக்கிறது. கிளினிக்கில் மருந்து முடிந்தால் வெளியே பாமசியில் எடுக்கச் சொல்வார்கள். கம்பனிப் பெயரில் ஒரு குளிசை அட்டை கிடைக்கும். அடுத்த மாதம் கிளினிக்கில் மருந்து வந்ததும் இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயர் ஒன்றேதான். இன்னொன்று, சாதாரண கிளிக்ளசைட் 80 மில்லிகிராம். மெதுவாகக் கரையும் வகை 30 அல்லது 60. அந்த 30 ஏறத்தாழ இந்த 80க்குச் சமம். "30தானே, ரெண்டு மூண்டு போட்டா என்ன" என்று நினைக்க வேண்டாம். மெதுவாகக் கரையும் குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு முழுங்க வேண்டும். சப்பவோ இடிக்கவோ கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள்.

சலக்கடுப்புக்குக் கொடுக்கிற கோட்ரிமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின், பூஞ்சணத்துக்குக் கொடுக்கிற புளூகொனசோல் போன்றவை கிளிக்ளசைட்டோடு சேர்ந்தால் சீனி அதிகம் இறங்கும். டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மருந்து எடுத்தாலும் சீனிக் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். குறிஞ்சா வறையும் பாவற்காய்க் கறியும் சோற்றோடு சாப்பிடலாம். அவற்றைச் சாறு பிழிந்தும் தூளாக்கியும் மருந்துபோலக் குடிக்கத் தொடங்கினால் டொக்டரிடம் சொல்லிவிட்டே குடியுங்கள். வெறும் வயிற்றில் சாராயமோ கசிப்போ இந்தக் குளிசையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மற்றப் பக்க விளைவுகளை அதிகம் பேச வேண்டியதில்லை. உடம்பு கொஞ்சம் வைக்கலாம், வயிறு குழம்பலாம். தோலில் தடிப்பு, கண் மஞ்சளாதல் அரிது. கண்டால் உடனே வாருங்கள். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால் முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீரகமும் ஈரலும் பழுதானவர்களின் உடம்பில் மருந்து தேங்கும். வயது 60ஐத் தாண்டியவர்களுக்குக் கிளிபென்கிளமைட் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் அதைப் போடுகிறார் என்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

மெட்போமின் எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். தொடக்கத்தில் வயிற்றோட்டம், ஓங்காளம், வாயில் ஒருவித உலோகச் சுவை இருக்கும். சாப்பாட்டோடு போட்டால் குறையும். பல வருடங்கள் எடுத்தால் விற்றமின் பி12 குறைந்து கால் விறைக்கலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அது கூடாது. வாந்தியும் வயிற்றோட்டமும் கடுமையாகித் தண்ணீர் கூடத் தங்காத நாளில் மெட்போமினை நிறுத்திவைத்துவிட்டு ஆசுபத்திரிக்கு வாருங்கள். கிளிக்ளசைட் எடுக்கிறவர் அப்படிச் சாப்பிட முடியாமல் கிடந்தால், அடுத்த குளிசையைப் போடுவதற்கு முன் சீனியைப் பார்த்துவிட்டு டொக்டரைக் கேளுங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் மட்டும் காய்ச்சல் நாளில் ஊசியைத் தாமாக நிறுத்தக் கூடாது.