தொட்டிக்கு அடியில் முடியும் புகைக்குழாய்

பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய புகைக்குழாய் மாட்டிக்கொண்டு, "ஏதோ சரியில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று பட்டறைக்கு வருபவர்களைத் திட்டக் கூடாது என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். இந்த மாதம் வந்த மூன்றாவது வண்டி அந்தப் பொறுமையைத் தின்றுவிட்டது.

இருபத்தைந்து வயதைத் தாண்டிய, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. எஞ்சின் இன்னும் திடமாகவே இருக்கிறது. மேட்டில் முன்போல் இழுக்கவில்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று இரண்டு குறைகளைச் சொன்னார். பேச்சுவாக்கில், நெடுந்தூரம் ஓட்டினால் தலை வலிக்கிறது என்றார். "வயதாகிறது அல்லவா, அண்ணே" என்று சிரித்தார். பின் இருக்கையில் உட்காரும் மகளுக்கும் அந்தப் பயணங்களில் குமட்டுகிறதாம். மகளுக்கு ஒன்பது வயது. சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

வண்டியை உயர்த்திப் பார்த்தேன். இரண்டு அங்குலக் குழாய் இருந்த இடத்தில் மூன்று அங்குலக் குழாய். பின் அச்சுக்கு மேலே வளைத்துக் கொண்டுபோவது சிரமமான வேலை என்பதால், சரக்குத் தொட்டிக்கு அடியிலேயே தரையைப் பார்த்து அறுத்து விட்டிருந்தார்கள். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில், கசிவை அடைக்கும் கேஸ்கெட் வளையத்தில் பழையதையே திரும்பப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த விளிம்பிலிருந்து மேல்நோக்கி விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தது. விரலை வைத்தால் கண்மை போல ஒட்டியது. கேபின் தரையில் ஒயர் போகும் துளையின் ரப்பர் அடைப்பு எப்போதோ விழுந்துவிட்டது. கட்டைவிரல் நுழையும் துளை. தரைவிரிப்பைத் தூக்கினால் அதைச் சுற்றியும் அதே கறுப்பு.

"புகை உள்ளே வந்தால் நாற்றம் அடிக்குமே, தெரிந்துவிடாதா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நாற்றம் அடிப்பது எரியாத பெட்ரோலும் மற்றவையும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம் என்று வரிசையாக வரும். வண்டியை விட்டு இறங்கிச் சிறிது நேரத்தில் தலைவலி குறைகிறது என்றால் மாத்திரையைத் தேடாதீர்கள், வண்டியின் அடியில் தேடுங்கள். வண்டிக்குள் மயக்கம் வருவதுபோல் இருந்தால் அப்போதே நிறுத்தி, எல்லோரும் இறங்கி, மருத்துவரிடம் போங்கள். பட்டறை பிறகு.

பிக்கப் வண்டியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவு. பின்னால் விட்ட புகை திரும்பி வண்டியை நோக்கியே சுழலும். தொட்டிக்கு மேல் கூண்டு போட்டவர்கள், கேபினின் பின் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுபவர்கள், இதை நினைவில் வையுங்கள். குழாயின் வாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும். கூண்டுக்குள் ஆட்களை ஏற்றாதீர்கள். தயவுசெய்து.

இனி, எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "குழாய் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு சக்தி." இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

எஞ்சினிலிருந்து புகை ஒரே சீராக ஒழுகுவதில்லை, துடிப்பு துடிப்பாக வெளியேறுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது நொடிக்கு 66 தடவைக்கு மேல் புகை உதைத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு உதையும் வேகமாகப் போகும்போது தனக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடத்தை விட்டுப் போகிறது. அது சிலிண்டரில் தங்கியிருக்கும் மிச்சப் புகையை இழுத்து, புதுக் காற்றுக்கு வழிவிடும். இந்த இழுப்பு நடக்கப் புகைக்கு வேகம் வேண்டும். இரண்டு அங்குலத்தை மூன்று அங்குலமாக்கினால் குறுக்களவு ஒன்றரை மடங்குதான் கூடியதுபோல் தெரியும். உள்ளே இருக்கும் பரப்போ இரண்டேகால் மடங்கு. புகையின் அளவு அதேதான், ஆகவே வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வாய்க்காலில் விறுவிறுவென்று வந்த தண்ணீர் ஏரிக்குள் நுழைந்ததும் சோம்பிக் கிடப்பதைப் போல. இழப்பு எங்கே தெரியும்? குறைந்த சுற்றில், சுமையோடு, மேட்டில். பிக்கப் வண்டி நாள் முழுவதும் செய்யும் வேலையே அதுதான்! உச்ச சுற்றில் ஏதோ கொஞ்சம் கூடலாம். அந்தச் சுற்றில் யார் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்?

இதைச் சொன்னதும் எதிர்க் கட்சி ஒன்று எழுந்து நிற்கும். "அதனால்தான் எஞ்சினுக்குப் பின்னழுத்தம், அதாவது புகை போகும் வழியில் கொஞ்சம் தடை, வேண்டும் என்கிறார்கள்." இல்லை ஐயா. எந்த எஞ்சினும் அடைப்பைக் கேட்பதில்லை. அது கேட்பது வேகத்தை. வேகத்தைக் காப்பாற்றும் அளவுக்குக் குறுகல், தடை சேராத அளவுக்கு அகலம். சாதாரண நான்கு சிலிண்டர் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு, அல்லது அதைவிடக் கால் அங்குலம் கூடுதல், போதும். மிச்சப் பணத்தை வளைவுகளில் போடுங்கள். வளைக்கும்போது குழாய் நசுங்கினால் இரண்டரை அங்குலம் அந்த முழங்கையில் இரண்டு அங்குலமாகிவிடும். உள்ளே உருளை கொடுத்து, வட்டம் குலையாமல் வளைத்த குழாயைக் கேட்டு வாங்குங்கள். புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ உள்ள டீசல் வண்டிக் கதை வேறு. டர்போவுக்கு அப்பால் தடை குறையக் குறைய நல்லது. அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் வண்டிக்காரர் சூடு போட்டுக்கொள்வதுதான் பாதி வினை.

பெட்ரோல் ஏன் கூடியது என்று அவருக்குக் காட்டினேன். அந்தக் கசியும் கேஸ்கெட்டுக்குக் கீழேதான், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்துக் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கசிவு வழியே புகை வெளியே போவது மட்டுமில்லை, இரண்டு உதைக்கு இடைப்பட்ட நேரத்தில் வெளிக்காற்றும் உள்ளே வரும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கணினியும் நம்பி அள்ளிக் கொட்டும். சென்சார் நல்லதுதான், கேட்ட பொய்யை அப்படியே சொல்கிறது. அதை மாற்றியே தீர வேண்டும் என்று யாரோ ஏற்கெனவே ஒன்றை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடச் சொல்பவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை. செய்யமாட்டேன், அவ்வளவுதான். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். தவிர, கார்பன் மோனாக்சைடை எரித்து ஒழிக்கும் உறுப்பு அதுவே. பழையது உண்மையிலேயே அடைத்திருந்தால் புதியது போடலாம்.

வீட்டில் தாங்களே மாற்றுபவர்களுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தாங்கி வையுங்கள், ஆட்டிப் பாருங்கள், பிறகு படுங்கள். குழாய் முழுதாக ஆறட்டும். மேனிஃபோல்டு போல்ட்டுகளில் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஆத்திரத்தில் நீண்ட கம்பி போட்டுத் திருகினால், போல்ட் கழன்றதுபோல் இலகுவாகச் சுழலும், மனம் குளிரும். அது கழலவில்லை, முறிந்திருக்கிறது. முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்கும் பாவத்தை என்னிடம்தான் கொண்டுவருவீர்கள். வெல்டிங் செய்வதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயும் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் பொறி பறக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எடுத்து வெல்டிங் வைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே காய்ச்சல் வரும்.

எஞ்சின் தன் ரப்பர்களின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். குழாயும் கூட ஆட வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டால் விரிசல் அடுத்த மாதம் வரும். ரப்பர் தொங்கல்களைப் புதிதாகப் போடுங்கள். குழாயின் சூட்டை மறைக்கும் வெப்பத் தகடு கடகடக்கிறது என்று பிடுங்கி எறியாதீர்கள். காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்தும் நாளில் அதன் அருமை தெரியும்.

சைலன்சரின் அடியில் குண்டூசித் துளை போல ஒன்று இருக்கும். ஓட்டை என்று நினைத்து அடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் அதில் ஒரு பங்கு தங்கும். அது வடியத்தான் அந்தத் துளை.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் நின்றுவிடுகிறதா? இரும்பு விரிந்து கசிவை மூடுகிறது. "தானாகவே சரியாகிவிட்டது" என்று மகிழ வேண்டாம்.

அவர் வண்டிக்கு இரண்டேகால் அங்குலக் குழாய், புது கேஸ்கெட், நேர்மையான சைலன்சர், அச்சுக்கு மேல் வளைந்து தொட்டிக்கு வெளியே முடியும் வால். தரைத் துளைக்கு ரப்பர் அடைப்பு. ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொல்லியிருந்தேன், சூட்டில் நட்டுகள் தளரும் என்பதால். வந்தார். இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின. மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறதாம். மகளும் கூட வந்திருந்தாள், வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாளாம். எல்லாம் சொல்லிவிட்டு, கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "சத்தம்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது, அண்ணே" என்றார்.