தனித் தட்டும் சுண்டெலிப் பாலும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், வேலூர் சி.எம்.சி.யில் கீமோ நடக்கிறது. "இது வைரஸால வருதாமே, என் குழந்தைக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டிருந்தார். வீட்டில் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைப் பிரித்து, அடையாளத்துக்கு விளிம்பில் ஆணியால் கோடும் கீறிவிட்டார்களாம்.

ஒட்டாது. அந்தத் தட்டை இன்றே மற்ற தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள்.

ஆனால் வைரஸ் பேச்சு வெறும் புரளி அல்ல. 1936-ல் ஜான் பிட்னர் என்ற அமெரிக்கர், மார்பகப் புற்று அதிகம் வரும் சுண்டெலி இனத்தின் குட்டிகளைப் பிறந்ததுமே வேறு இனத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அவற்றில் பெரும்பாலானவை தப்பின. நோய் பாலில் வந்திருந்தது!

அதைக் கொண்டுவந்தது பாலிலிருந்த ஒரு வைரஸ் என்று பிறகு தெரிந்தது. அந்த வைரஸ் செய்யும் வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. குடலில் இறங்கி, அங்குள்ள பி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களுக்குள் நுழைகிறது. பிறகு தன்னிடமுள்ள ஒரு புரதத்தால் இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்களான டி செல்களை வேண்டுமென்றே உசுப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட டி செல்கள் பி செல்களைப் பெருகவைக்க, உள்ளேயிருக்கும் வைரஸும் கூடவே பெருகுகிறது. எதிர்க்க வந்த படையே அதைச் சுமந்துபோய்ப் பால் சுரப்பியில் இறக்கிவிடுகிறது. உசுப்ப ஆளில்லாவிட்டால், அதாவது அந்த வகை டி செல்களே இல்லாத எலிகளில், தொற்று சரியாகப் பிடிப்பதில்லை. சுரப்பியில் அது தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுத்து, செல்லின் டி.என்.ஏ.வில் செருகுகிறது. கர்ப்ப கால ஹார்மோன்கள் அதை முடுக்கிவிட, அடுத்த தலைமுறைக்கான பாலில் வைரஸ் நிறைகிறது. செருகிய இடம் வளர்ச்சி மரபணு ஒன்றின் பக்கத்தில் அமைந்துவிட்டால், அந்த மரபணு அடங்காமல் வேலை செய்யத் தொடங்கும். அப்படித்தான் கட்டி. 1982-ல் நுஸ்ஸே, வார்மஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அப்படி ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்.

மனிதர்களில்? 1971-ல் பம்பாய்ப் பார்சிப் பெண்களின் தாய்ப்பாலில்கூட இதுபோன்ற வைரஸ் துகள்களைத் தேடினார்கள். 1995-ல் நியூயார்க் ஆய்வொன்று, நூற்றில் சுமார் 38 கட்டிகளில் இந்த வைரஸை ஒத்த மரபுத்துண்டு இருப்பதாகச் சொன்னது. வேறு பல ஆய்வகங்கள் தேடியும் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் எலி டி.என்.ஏ. துளி கலந்தாலே போதும், பொய்யாக "இருக்கிறது" என்று காட்டிவிடும். கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைப் போல, மார்பகப் புற்றுக்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று இதுவரை எதுவும் நிறுவப்படவில்லை.

"இல்லை" என்று முடியும் ஆய்வுக்கும் அரசு தாராளமாகப் பணம் தரவேண்டும் என்பேன். அந்த "இல்லை" வந்து சேராத வீட்டில்தான் தட்டில் கோடு விழுகிறது.

இன்னொன்று, வாசகியே: எலிக் கதையைக் கேட்டுவிட்டு உங்கள் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு குறைகிறது. பாட்டி பேரப்பிள்ளைக்குத் தன் தட்டிலிருந்தே சோறு ஊட்டட்டும்.