முதல் அசெம்பிள் கம்ப்யூட்டர்: காசை எங்கே போடுவது?

"ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோடு சேர்த்துப் பதினைந்தாயிரம்தான்" என்று விளம்பரம் வந்தால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருப்பது ஐ7தான். எந்த வருடத்து ஐ7 என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஐ7-3770 மாதிரி ஏதாவது இருக்கும். அது 2012இல் வந்தது. அதன் பக்கத்தில் 2022இல் வந்த ஐ3-12100ஐ வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர் (வேலை செய்யும் மூளைப் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). உச்ச வேகம் அதில் 3.9 கிகாஹெர்ட்ஸ், இதில் 4.3. காகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓட்டிப் பார்த்தால் ஒரு கோருக்கு ஒரு கோர், ஐ3 ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம்.

கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மட்டுமே. ஒரு துடிப்பில் எத்தனை கட்டளை முடிகிறது என்பது தனிக் கணக்கு. புதிய பிராசஸர் ஒரே துடிப்பில் அதிகக் கட்டளைகளைக் கையில் எடுக்கும். அடுத்து நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிப்பதிலும் அது கெட்டிக்காரன். பழையதை வாங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, பொதுவாக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எனவே ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை விடுங்கள், பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 3770 என்றால் மூன்றாம் தலைமுறை.

ஆனால் நல்ல பிராசஸரே வாங்கினாலும் அது பாதி நேரம் சும்மாதான் இருக்கும். 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு கால் நானோ நொடி. கேட்ட தகவல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன மெமரியில் இல்லாமல் ராமுக்குப் போக வேண்டி வந்தால் சுமார் 80 நானோ நொடி ஆகும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குப் போனால் சுமார் 80 மைக்ரோ நொடி. பழைய ஹார்டு டிஸ்கில் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வர 12 மில்லி நொடி. பிராசஸரின் ஒரு துடிப்பை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், ராமிலிருந்து பதில் வர ஐந்து நிமிடம், எஸ்எஸ்டியிலிருந்து வர மூன்றரை நாளுக்கு மேல், ஹார்டு டிஸ்கிலிருந்து வர ஒன்றரை வருடம். கம்ப்யூட்டர் 'ஸ்லோ' என்று நாம் திட்டும்போது பெரும்பாலும் பிராசஸர் இந்த வரிசையில் எங்காவது நின்றுகொண்டிருக்கிறது.

அதனால் என் கணக்கு இதுதான்: பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், மிச்சமாகும் காசை அதற்குத் தகவலும் மின்சாரமும் கொண்டுவரும் பாகங்களில் போடுங்கள்.

விண்டோஸ் இருக்கும் டிரைவ் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. எஸ்எஸ்டியில் இரண்டு வகை. பழைய இணைப்பு முறையான சாட்டாவில் ஓடுவது நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ என்ற புதிய வகை சாதாரணமாகவே 3000ஐத் தாண்டும். அன்றாட வேலையில் அந்த ஆறு மடங்கு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே முக்கியம் மொத்த ஓட்டம் இல்லை, முதல் பதில் வர ஆகும் நேரம். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள். படம், பாட்டு சேர்த்து வைக்க ஹார்டு டிஸ்க் போதும்.

ராம் விஷயத்தில் கடையில் ஒரு யோசனை சொல்வார்கள்: "இப்போ ஒரே 16 ஜிபி ஸ்டிக் போடுங்க சார், அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்." அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை. பிராசஸருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டால் இரண்டு பாதையும் திறந்து 51.2 ஜிபி ஆகும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இது பெரிய விஷயம், ஏனென்றால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி மெமரி கிடையாது, இதே ராமைத்தான் பங்கு போடுகிறது. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள, ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி மாதிரி பிராசஸரில் ஒற்றை ஸ்டிக்கை இரட்டையாக்கினாலே விளையாட்டுகளில் வேகம் 30 சதவீதமோ அதற்கு மேலோ கூடும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விலை குறைவு என்று 12100எஃப் வாங்கிவிட்டு, கார்டும் இல்லாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் மலிவான கேபினெட்டோடு இதையும் சேர்த்தே தருவார்கள். 'இலவசம்' என்று சந்தோஷப்படாமல் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். சின்ன எழுத்துக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 36 ஆம்பியர் அளவில் இருக்கும்.

அந்த 12 வோல்ட்டை மதர்போர்டு இன்னும் கீழே, சுமார் 1.2 வோல்ட்டுக்கு இறக்கித்தான் பிராசஸருக்குக் கொடுக்கிறது. 65 வாட் பிராசஸர் 1.2 வோல்ட்டில் ஓடினால் அது இழுப்பது ஏறக்குறைய 54 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக்கே 16 ஆம்பியர்தான்! உள்ளே வரும் 12 வோல்ட் தள்ளாடினால், இவ்வளவையும் சமாளிக்கும் போர்டின் சின்னச் சின்னப் பாகங்கள்தான் அடி வாங்கும்.

நம் ஊரில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இன்னொரு பரீட்சை, கரண்ட் கட். "யுபிஎஸ் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுது" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். சாதாரண யுபிஎஸ் மின்சாரம் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாறப் பத்து மில்லி நொடி வரை எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர் தன்னிடம் உள்ள சேமிப்பிலிருந்து ஓட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தவை முழுச் சுமையிலும் 16 மில்லி நொடி அளவுக்குத் தாங்கும். மலிவானதில் அந்தக் கெபாசிட்டரில்தான் முதலில் சிக்கனம் பிடிப்பார்கள். குறை யுபிஎஸ்ஸில் இல்லை, ஆனால் மாற்றப்படுவது என்னவோ அதன் பேட்டரிதான். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள், பின்னால் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

மற்றவற்றில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். ஐ3-12100 அளவு பிராசஸருக்கு எச்610 வகை மதர்போர்டு போதும், ஆனால் அது டிடிஆர்4 ராமுக்கா, டிடிஆர்5க்கா என்று கேட்டு வாங்குங்கள், ஒன்றில் மற்றது பொருந்தாது. பெட்டியோடு வரும் கூலரே போதும். பெட்டியில்லாத 'ட்ரே' பீஸ் என்று கொடுத்தால் கூலர் இருக்காது. அறைச் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசஸரும் ஏறும். சித்திரை வெயிலில் கண்ணாடி முகப்பு வைத்து அடைத்த கேபினெட்டை விட, முன்னால் வலை வைத்த சாதாரணக் கேபினெட் மேல். கேபினெட்டில் மினுக்கும் அலங்கார விளக்குக்குக் கொடுக்கும் காசு தண்டம், அது என் கருத்து.

எல்லாம் மாட்டி ஓடத் தொடங்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். 3200 என்று எழுதிய ராம் பல போர்டுகளில் தானாக 2400லோ அதற்கும் கீழோ ஓடும். 2400 என்றால் ஒரு பாதைக்கு 25.6 ஜிபி வர வேண்டிய இடத்தில் 19.2தான் வரும், கால் பங்கு போச்சு. போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்து சேமியுங்கள். சில போர்டுகளில் இதற்கு டிஓசிபி என்று பெயர். பிறகு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். ஸ்பீடு என்ற இடத்தில் 3200 என்று காட்டினால் சரி.