சாவு வீட்டுல சிரிப்பு ஏன் வருது?

ஐஸ் பெட்டிய சுத்தி பொம்பளைங்க ஒப்பாரி வெச்சு அழுதுட்டு இருப்பாங்க, வெளிய சாமியானா பந்தல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க, அந்த நேரம் பாத்து பெரிய மாலையோட வேகமா வந்த ஒரு மாமா கால் இடறி சம்பந்தி மடியில போய் உக்காந்துடுவாரு. செத்தவரோட சொந்த பேரனே துண்டை வாயில அடைச்சுக்கிட்டு தோள் குலுங்க நிப்பான், பாக்குறவங்க அழுறான்னு நினைச்சு தட்டிக் கொடுப்பாங்க. மாட்டிக்கிட்டான்னா அவ்ளோதான், "தாத்தா எழவுல சிரிச்சவன்"னு வருஷக்கணக்கா பேரு நிக்கும். அவனுக்கு தாத்தா மேல பாசமே இல்லன்னு கூட பேசுவாங்க, அது அநியாயம்.

சிரிப்புன்னாலே சந்தோஷம் இல்லன்னா ஜோக்குன்னு நாம முடிவு பண்ணி வெச்சிருக்கோம். ராபர்ட் ப்ரோவின்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஜனங்க பொது இடத்துல சாதாரணமா பேசிக்கும்போது எப்ப சிரிக்கிறாங்கன்னு 1,200 தடவை குறிச்சு வெச்சு பாத்தாரு. சிரிப்புக்கு முன்னாடி சொன்ன பேச்சுல 10லருந்து 20 சதவீதம் தான் கொஞ்சமாவது காமெடி, மத்ததெல்லாம் "சரி அப்புறம் பாப்போம்" ரகம். தனியா இருக்கறப்பவிட கூட்டத்துல இருக்கறப்ப சுமார் 30 மடங்கு அதிகமா சிரிக்கிறோம்னும் சொன்னாரு. துக்க வீட்டை விட பெரிய கூட்டம் எங்க இருக்கு?

அடுத்தது மூளை. போட்டோவுக்கு சிரிக்கிறது ஒரு வழி, தானா வர்ற சிரிப்பு வேற வழி. முதல் வழி உடம்ப அசைய வெக்கிற மோட்டார் கார்டெக்ஸ்ங்கிற மூளைப் பகுதியில இருந்து நேரா முகத்துக்கு வருது, அது நம்ம கண்ட்ரோல்ல இருக்கு. ரெண்டாவது அமிக்டலா, ஹைப்போதலாமஸ் மாதிரி உணர்ச்சி சம்பந்தப்பட்ட இடங்கள்ல இருந்து மூளைத்தண்டுக்கு இறங்குது. பக்கவாதம் வந்த சில பேருக்கு "சிரிங்க"ன்னு டாக்டர் சொன்னா வாய் ஒரு பக்கம் தான் போகும், ஆனா நெஜமா ஏதாவது சிரிப்பு வந்தா ரெண்டு பக்கமும் முழுசா விரியும், ரெண்டும் வேற வேற ரூட்டுங்கிறதுக்கு இதவிட சாட்சி வேணாம். அழுகையும் இந்த ரெண்டாவது ரூட்டுல தான் வருது. அதனால தான் சில பேருக்கு அழ ஆரம்பிச்சது சிரிப்பா மாறும், சிரிச்சது அழுகையா முடியும்.

டென்ஷன் உள்ள சேந்து குக்கர் விசில் மாதிரி வெளிய வருதுன்னு ஒரு விளக்கம் இருக்கு, 1860லயே ஹெர்பர்ட் ஸ்பென்சர்னு ஒரு இங்கிலாந்து தத்துவ அறிஞர் கிட்டத்தட்ட இதத்தான் எழுதினாரு. கேக்க நல்லாருக்கு, ஆனா மூளையில ஆவி சேத்து வெக்கிற இடம்னு எதுவும் கிடையாது. ஆனா அவர் பாத்த சம்பந்தம் பொய் இல்ல. 1960கள் ஆரம்பத்துல அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டில ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ண பரிசோதனை ஞாபகம் இருக்கா, அடுத்த ரூம்ல இருக்கறவருக்கு கரண்ட் ஷாக் குடுக்க சொல்லி (ஷாக் பொய், குடுத்தவங்களுக்கு தெரியாது), அதுல 40 பேர்ல 14 பேர் சிரிச்சாங்க, 3 பேருக்கு வலிப்பு மாதிரி அடக்கவே முடியாம வந்துச்சு. முடிஞ்சதும் நாங்க கொடூரமானவங்க இல்லன்னு அவங்களே மெனக்கெட்டு விளக்கம் சொன்னாங்க. பயமும் குற்ற உணர்ச்சியும் சேந்து முகத்துல வந்து நின்னது சிரிப்பா.

இதுல அடக்குறது வேற நிலைமைய மோசமாக்கும். சிரிக்கக்கூடாது சிரிக்கக்கூடாதுன்னு நினைக்க நினைக்க அதே விஷயத்த மூளை திரும்ப திரும்ப செக் பண்ணும், ராத்திரி பூரா முழிச்சு சாப்பிடாம இருக்கற உடம்புக்கு அடக்குற சக்தியும் கம்மி, அந்த நேரம் எதிர்ல சித்தப்பா பையன் கண்ணுல கண்ணு பட்டா முடிஞ்சது கதை. வேற பக்கம் பாருங்க, மெதுவா மூச்சு விடுங்க, இல்ல எந்திரிச்சு வெளிய போயிடுங்க.

சொல்லப்போனா துக்கத்துல சிரிக்கிறது கெட்டதும் இல்ல. டாச்சர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1997ல, கணவனையோ மனைவியையோ இழந்து சுமார் 6 மாசம் ஆனவங்கள பேச விட்டு வீடியோ எடுத்து பாத்தாங்க, செத்தவங்கள பத்தி பேசும்போதே கண்ணு சுருங்க நெஜமா சிரிச்சவங்க மனசளவுல கொஞ்சம் தேறி இருந்தாங்க. நம்ம ஊர்லயும் கூட்டம் கலைஞ்சப்புறம் ராத்திரி உக்காந்து செத்தவரு பண்ண கூத்தெல்லாம் சொல்லி சிரிக்கிறது தானே, பழுத்து போனவங்களுக்கு கல்யாண சாவுன்னு மேளம் வெச்சு ஆட்டமே போடுறோம். சின்ன வயசு சாவுன்னா தான் யாரு பல்லு தெரியுதுன்னு எல்லாரும் இன்னும் உன்னிப்பா கவனிப்பாங்க.

ஒரே ஒரு இடத்துல உஷாரா இருக்கணும். லண்டன்ல ஒரு பிளம்பர் அம்மாவோட இறுதிச்சடங்குல சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்த முடியாம போய் சில நாள்லயே இறந்துட்டாரு, மூளைக்கு அடியில ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சு ஹைப்போதலாமஸ அழுத்தியிருந்துச்சு, நம்ம ஊர் மூளை விஞ்ஞானி விளையனூர் ராமச்சந்திரன் இத எழுதியிருக்காரு. இது ரொம்ப ரொம்ப அபூர்வம். கொஞ்சம் அதிகமா பாக்குறது சூடோபல்பார் அஃபெக்ட்ங்கிற கோளாறு: பக்கவாதம், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்ப பாதிக்கிற நோய்) மாதிரி நோய்ல அடக்குற நரம்பு பாதிச்சு, மனசுல ஒண்ணுமே இல்லாம சிரிப்போ அழுகையோ பீறிட்டு வரும். இதுக்கு அமெரிக்காவுல 2010லயே மருந்துக்கு அனுமதி குடுத்துட்டாங்க. வீட்டுல பக்கவாதம் வந்தவங்க இப்படி சம்பந்தமில்லாம சிரிச்சா மந்திரிக்க கூட்டிட்டு போகாம நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.