தாளுக்கும் திசை உண்டு: மடித்துச் செய்யும் சிறு புத்தகங்கள்

ஏ4 தாள் ஒன்று 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உள்ளது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளாக இருந்தால் எடை ஏறக்குறைய 5 கிராம். இதை எட்டுக் கட்டங்களாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டால் பசை, நூல், பின் எதுவும் இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். பத்து நிமிட வேலைதான். ஆனால் செய்து மேசைமேல் வைத்ததும் அது வாய் பிளந்து நிற்கும், பக்கங்கள் விறைத்துக்கொண்டு படியாது. மடித்தவர் கையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை தாள் கிடக்கும் திசையில் இருக்கிறது.

முதலில் புத்தகத்தைச் செய்துவிடுவோம். தாளின் இரு நீள ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெடுக்காக மடித்து விரியுங்கள். பிறகு குறுக்காக மடித்து ஏ5 அளவாக்கி, அதையும் விரியுங்கள். இனி இரண்டு குறுகிய ஓரங்களையும் தனித்தனியே நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்க வேண்டும். ஏ5 ஆக மடிந்த தாளையே இன்னொரு முறை மடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெளித்தாள் உள்தாளைச் சுற்றி வளைவதால் கோடுகள் கொஞ்சம் விலகிவிழும். ஒற்றைத் தாளாக மடிக்கும்போது இந்தப் பிசகு வருவதில்லை. ஒவ்வொரு மடிப்பையும் முன்னும் பின்னும் ஒருமுறை மடித்து, ஸ்கேல் ஓரத்தாலோ ஸ்பூனின் முதுகாலோ நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தித் தேயுங்கள்.

இப்போது தாளில் எட்டுக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 × 105 மி.மீ., அதாவது ஏ7. ஏ வரிசைத் தாள்களின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 1:√2. அதனால் எத்தனை முறை பாதியாக்கினாலும் உருவம் மாறாது. ஏ4-இன் சாயல் ஏ7-இலும் அப்படியே நிற்கும். 1922-இல் ஜெர்மனியில் தரமாக்கப்பட்ட அளவு இது. லீகல் அளவுத் தாளில் இதே மடிப்பைச் செய்து பாருங்கள்: பக்கம் 89 × 108 மி.மீ. ஆகி, கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும். குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு அதுவும் அழகுதான்.

வெட்டுக்கு, தாளைக் குறுக்காக மடித்து ஏ5 ஆக வைத்துக்கொள்ளுங்கள். மடிந்த ஓரத்திலிருந்து தொடங்கி, நடுவே ஓடும் நெடுக்குக் கோட்டின் மேலேயே அடுத்த மடிப்புக்கோடு வரை, 74 மி.மீ. வெட்ட வேண்டும். விரித்தால் தாளின் நடுவில் 148 மி.மீ. பிளவு தெரியும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். திறந்த ஓரத்திலிருந்து வெட்டினால் தாள் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு நான்கு காதுகளாகத் தொங்கும். அந்தத் தாள் வீண். வெட்டு 3 மி.மீ. குறைந்தால் புத்தகம் மூடும்போது முதுகில் தாள் கசங்கி முடிச்சிடும். 1 மி.மீ. கூடினால் பாதகமில்லை.

தாளை விரித்து, பழைய நெடுக்கு மடிப்பில் மீண்டும் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். பிளவு வாய் திறந்து, மேலிருந்து பார்க்கக் கூட்டல் குறிபோல நான்கு கைகள் நிற்கும். நான்கையும் ஒரே பக்கமாகச் சாய்த்து மூடினால் புத்தகம்.

இனி எந்தக் கட்டம் எந்தப் பக்கம்? தாளைப் படுக்கையாக வையுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 5, 4, 3, 2, அதுவும் தலைகீழாக. பார்க்கத் தாறுமாறாகத் தோன்றும் இந்த வரிசைக்குள் எளிய ஒழுங்கு உண்டு. நடுவில் பிளவு விழுந்ததும் எட்டுக் கட்டங்களும் ஒரு வளையமாகிவிடுகின்றன. 1-இலிருந்து தொடங்கி, மேலே ஏறி 2, இடப்பக்கமாக 3, 4, 5, கீழே இறங்கி 6, பிறகு 7, 8 என்று பிளவைச் சுற்றி ஒரே ஓட்டமாக எண்கள் போகின்றன. இன்னொரு விதியும் நினைவிருக்கட்டும்: எல்லாப் பக்கங்களின் தலையும் நடுக்கோட்டை நோக்கியே இருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. அச்சகத்தார் செய்வதுபோல வெற்றுத்தாளில் ஒரு டம்மி மடித்து, பென்சிலில் எண் போட்டு விரித்துப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. பெரிய புத்தகங்களிலும் 8, 16 பக்கங்களை ஒரு பாரமாக, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதியாக, அடுக்கும் கணக்கு இதன் உறவுதான். அங்கே தாளின் இருபுறமும் அச்சாகும் என்பதே வித்தியாசம். நம் புத்தகத்தில் பின்புறம் முழுவதும் உள்ளே ஒளிந்துகொள்வதால், அங்கே ஒரு வரைபடத்தையோ சுவரொட்டியையோ வைக்கலாம். பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் தாளின் ஓரம்வரை அச்சிடாது. ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றிலும் 5 மி.மீ. விட்டுத் தளவமைப்பைப் போடுங்கள்.

சரி, புத்தகம் ஏன் விறைக்கிறது?

தாள் என்பது தண்ணீரில் கலந்த மரநார்களை ஓடும் சல்லடையின் மேல் ஊற்றி, வடித்து, அழுத்தி, உலர்த்தியது. சல்லடை ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுக்கின்றன, ஆற்று வெள்ளத்தில் கோரைப் புல் சாய்வதுபோல. ஆகவே இயந்திரத்தில் செய்த எந்தத் தாளுக்கும் ஓர் இழையோட்டம் உண்டு. இழையோடு மடித்தால் நார்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் மட்டும் தளர்கின்றன. மடிப்பு நேராக, தட்டையாகப் படியும். இழைக்குக் குறுக்கே மடித்தால் நார்களையே வளைக்க வேண்டும். அவை வில்போல எதிர்க்கும். கெட்டியான தாளில் வெளிப்பக்க நார்கள் அறுந்து, மடிப்பு முழுக்க வெள்ளையாக வெடிப்பு விழும்.

கடையில் கிடைக்கும் ஏ4 நகல் தாளில் இழை பெரும்பாலும் 297 மி.மீ. பக்கத்தை ஒட்டி ஓடுகிறது. நம் புத்தகத்தின் முதுகோ 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக நிற்கிறது. அதாவது முதுகின் ஒவ்வொரு மடிப்பும் இழைக்குக் குறுக்கே விழுகிறது. ஏ4 தாளைப் பாதியாக மடித்துச் செய்யும் ஏ5 புத்தகங்களுக்கும் இதே கதிதான். தீர்வு எளிது: ஏ3 தாள் வாங்கி நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஏ3-இலும் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், வெட்டிக் கிடைக்கும் ஏ4-இல் அது 210 பக்கத்துக்கு இணையாகிவிடும். இரண்டு தாள்களிலும் ஒரே புத்தகத்தைச் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

இழையைக் கண்டுபிடிக்க, தாளை மடிக்காமல் வளைத்து உள்ளங்கையால் லேசாக அமுக்குங்கள். எந்தப் பக்கம் எளிதாக அமுங்குகிறதோ, அந்த வளைவின் கோடே இழையின் திசை. மெல்லிய தாளில் கைக்குப் பிடிபடாவிட்டால் 5 செ.மீ. சதுரம் வெட்டி ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். நார் நீரை உறிஞ்சும்போது நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கில் பருக்கும். நனைந்த முகம் விரிய, சதுரம் குழலாகச் சுருளும். அந்தக் குழல் நீளும் திசைதான் இழை.

வெட்டே இல்லாத புத்தகம் விசிறி மடிப்பு. ஏ3 தேடாமல், வீட்டிலுள்ள ஏ4 தாளிலேயே இழையோடு மடிக்கலாம் என்பது இதன் வசதி. தாளைக் குறுக்கே மூன்றாக வெட்டி, 210 × 99 மி.மீ. அளவில் மூன்று பட்டைகள் எடுங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் 10 மி.மீ. ஒட்டுவாய் விட்டு மடியுங்கள். மீதி 200 மி.மீ. நீளத்தை நடுவில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு பாதியையும் ஒருமுறை மடித்தால் 50 மி.மீ. அகலத்தில் நான்கு முகங்கள். ஒட்டுவாயில் பசையை மெல்லிதாகத் தடவி, அடுத்த பட்டையின் முதல் முகத்துக்குப் பின்னால், அதன் ஓரம் மடிப்புக்கோட்டோடு பொருந்தும்படி ஒட்டுங்கள். இணைப்பு ஒரு மடிப்பிலேயே மறைந்துவிடும். பன்னிரண்டு முகங்கள் தயார். கடைசி ஒட்டுவாய் அட்டையில் ஒட்டப் பயன்படும். தாய்லாந்தின் பழைய மடிப்புச் சுவடிகள் இந்த வகைதான். அவை ‘கொய்’ என்ற மரத்தின் பட்டையில் செய்த தாளால் ஆனவை. அது வேறெதுவும் இல்லை, நம்மூர்ப் பராய் மரம்; திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறையின் தலமரம்.

பக்கம் கூட வேண்டுமென்றால் தைக்கத்தான் வேண்டும். நான்கைந்து தாள்களைத் தனித்தனியே மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். மொத்தமாக மடித்தால் உள்தாள் சுருங்கும். 210 மி.மீ. முதுகில் மூன்று துளைகள் போதும்: நடுவில் 105-இல் ஒன்று, இரு முனைகளிலிருந்தும் 40 மி.மீ. உள்ளே ஒவ்வொன்று. அரை மீட்டர் மெழுகு நூல் எடுத்து, உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே நுழையுங்கள். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீண்ட தையலுக்கு இரு பக்கமும் இருக்கும்படி வைத்து முடிச்சிடுங்கள். நூலை எப்போதும் முதுகின் போக்கிலேயே இழுக்க வேண்டும். நிமிர்த்தி இழுத்தால் துளை கிழியும்.

செருகிய தாள்களின் திறந்த ஓரத்தைக் கவனித்தால் உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. வெளித்தாள் அந்தத் தடிமனைச் சுற்றி வளைவதில் தன் நீளத்தைச் செலவிடுகிறது. எட்டுத் தாளில் உள்தாள் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், பதினாறில் 2 மி.மீ. தாண்டும். தைத்த பிறகு, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புதிய பிளேடு போட்ட கட்டரால் நீண்டிருக்கும் ஓரத்தை வெட்டிச் சமமாக்குங்கள். ஒரே வீச்சில் அறுக்க முயன்றால் ஸ்கேல் நகர்ந்துவிடும். லேசாகப் பல முறை இழுத்தால் போதும். நடுப்பக்கங்களில் வெளி ஓரத்து வெற்றிடம் அந்த அளவுக்குக் குறையும் என்பதால், எழுத்தை அங்கே 2 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.