பழத்துக்கு நேரம் பார்த்தே பழத்தைத் தவறவிடுகிறோம்

"சோறு சாப்பிட்டவுடன் பழம் சாப்பிட்டால் அது வயிற்றில் கிடந்து அழுகிவிடுமாமே, உண்மையா?" பினாங்கில் உணவியல் நிபுணராக வேலை செய்யும் என்னிடம் நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்தியைக் காட்டித்தான் கேட்பார்கள். வெறும் வயிற்றில்தான் பழம் சாப்பிட வேண்டும், பகல் இரண்டு மணிக்கு மேல் தொடக் கூடாது, இரவில் சாப்பிட்டால் கொழுப்பாகிவிடும் என்று யாரோ எழுதியதை யாரோ அனுப்ப, குடும்பமே நம்பிவிடுகிறது. பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறுகிறவர்களுக்குக் காலையில் பழம் நறுக்க ஏது நேரம்? காலை போய்விட்டால் பிறகு எல்லாமே "கூடாத நேரம்". நாள் முழுவதும் பழமில்லாமலே கழிந்துவிடுகிறது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை. இருக்கிற குறையோடு இந்த வீண் பயமும் சேர்ந்துகொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செரிமானத்துக்கென்று பழத்துக்குத் தனியாக ஒரு நல்ல நேரம் கிடையாது. இரைப்பையில் பழம் அழுகுவதும் இல்லை. அழுக வேண்டுமானால் கிருமிகள் பெருக வேண்டும். இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதே கடினம். சோற்றுக்குப் பின்னால் பழம் வரிசையில் காத்துக் கிடப்பதும் இல்லை. இரைப்பையின் மேற்பகுதி உணவைத் தாங்கி வைத்திருக்கிறது. கீழ்ப்பகுதி அதை அரைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் தள்ளுகிறது. ஒரு முழுச் சாப்பாடு வெளியேற நான்கு மணி நேரம்கூட ஆகலாம். பழத்தின் நார்ச்சத்து இந்த வேகத்தைச் சற்றுக் குறைக்கும். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகக் கலப்பதற்கும் பசி சீக்கிரம் திரும்பாமல் இருப்பதற்கும் அதுவே உதவுகிறது. அதன் பிறகு இருக்கிறது ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல். முன்னால் வந்தது, பின்னால் வந்தது என்று பார்க்காமல் சத்துகளை உறிஞ்சிக்கொள்ள அதில் தாராளமாக இடமுண்டு.

"அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் வயிறு உப்புகிறது?" என்று கேட்பவர்களை நான் தட்டிக்கழிப்பதில்லை. உப்புவது உண்மைதான், காரணம்தான் வேறு. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் எஞ்சும் ஃபிரக்டோஸ், சார்பிட்டால் போன்ற சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போகும்போது அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் இது நடக்கும். மாம்பழம், தர்பூசணி, ஆப்பிள், பேரிக்காய் ஆகியவை சிலருக்கு இப்படித் தொல்லை கொடுக்கும். அவர்கள் ஆரஞ்சு, அன்னாசி, பப்பாளி, டிராகன் பழம் என்று மாற்றிப் பார்க்கலாம். வாழையிலையில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடைசியாகத் தின்ற ஒரு துண்டுப் பழத்தின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை.

வெறும் வயிற்று விதி சிலருக்கு உண்மையிலேயே நஷ்டம். இரத்தசோகைக்காக என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு பெண்மணி, முழுச் சைவம். அவர் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினார்: சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல். பக்கத்தில், ஓரம் கட்டிய பிளாஸ்டிக் பையில் தே தாரிக் (பால் தேநீர்). குறை சொல்ல முடியாத சாப்பாடு. கொய்யாவும் சாப்பிடுகிறார், ஆனால் விடியற்காலை எழுந்தவுடன். "மிஸ், நான் சரியான நேரத்தில்தானே சாப்பிடுகிறேன்?" என்றார்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் அது உறிஞ்சப்படும் அளவு கூடும். ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் ஏறக்குறைய 50. அவ்வளவு சத்தும் விடியற்காலையில் தனியாக உள்ளே போய்விட, பகல் சாப்பாட்டின் இரும்புச்சத்துக்குத் துணையாக வந்ததோ தேநீர். தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாமல் செய்பவை. "அக்கா, கொய்யாவைச் சோற்றோடு சாப்பிடுங்கள். தே தாரிக்கை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், அதையும் தேநீரோடு போடாதீர்கள்" என்றேன். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. அதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் பெண்களில் எத்தனை பேர் இதே சாப்பாட்டை இதே தேநீரோடு சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. (கொய்யாவின் மேல் தூவும் அசாம் போய் என்ற உப்புப் புளிப்புப் பொடியில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தூவாமல் சாப்பிடுங்கள்.)

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. பழம் கூடாது என்பதில்லை. ஒரே வேளையில் எவ்வளவு மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்த்து) சேர்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு சிறிய வாழைப்பழத்திலோ ஒரு சிறிய ஆப்பிளிலோ ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து உண்டு. நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு அதன்மேல் பழமும் என்றால் அளவு கூடிவிடும். ஒன்று, சோற்றைக் குறைத்துப் பழத்தைச் சேர்க்கலாம்; இல்லையேல் பழத்தை மாலை நான்கு மணிக்குத் தள்ளலாம், கறிபாஃபுக்கும் வடைக்கும் பதிலாக. வெறும் வயிற்றில் ஒரு தட்டு நிறையப் பப்பாளி என்பது மருந்தாகாது. சாறாகப் பிழிந்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். சர்க்கரை அப்படியே இருக்கும். அரசாங்கத்தின் உணவு வழிகாட்டி சொல்லும் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். அதில் பழம் இருக்கும் இடம் சோற்றுக்குப் பக்கத்தில்தான்.

நேரம் பார்க்க வேண்டியவர்களும் சிலர் உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுக்கப்போகும் முன் அன்னாசி, ஆரஞ்சு வேண்டாம். எதைச் சாப்பிட்டாலும் படுப்பதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். எடை குறைக்க நினைப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன் ஓர் ஆப்பிளைக் கடித்துச் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும். பசியே எடுக்காத வயதானவர்களுக்கு அதே காரணத்தால் முன்னால் கொடுக்காதீர்கள். முதலில் சோறும் மீனும், பிறகு பழம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சந்தையில் பெலிம்பிங் என்று விற்கும் நட்சத்திரப் பழத்தை அவர்கள் எந்த நேரத்திலும் தொடக் கூடாது. அதிலுள்ள நச்சைப் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு என்று தொடங்கி உயிரையே பறித்திருக்கிறது. நறுக்கி விற்கும் பழக் கலவையிலும் சாற்றிலும் அது சேர்ந்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். வாழைப்பழத்திலும் டுரியானிலும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவை உணவியல் நிபுணரிடம் காட்டி, எந்தப் பழம், எத்தனை துண்டு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.