மின்ட் மார்க் என்னும் அக்கசாலைக் குறி

அமெரிக்கச் சில்லறையைக் கையில் எடுத்தால், ஆண்டுக்குக் கீழேயோ தலைவரின் முகத்துக்குப் பக்கத்திலோ பெரும்பாலும் கடுகளவில் ஓர் ஒற்றை எழுத்து தெரியும். அதற்குப் பெயர் மின்ட் மார்க். காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று சொல்லும் குறி. ‘டி’ என்றால் டென்வர், ‘எஸ்’ சான் பிரான்சிஸ்கோ, ‘பி’ பிலடெல்பியா, ‘டபிள்யூ’ வெஸ்ட் பாயின்ட்.

இந்த ‘மின்ட்’டுக்கும் புதினாவுக்கும் உறவு கிடையாது. ரோம் நகரின் கேப்பிடோலின் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. அதையொட்டியே ரோமானியர் காசு அடித்தார்கள். தெய்வத்தின் அடைமொழி காசடிக்கும் இடத்துக்குப் பெயராயிற்று. பழைய ஆங்கிலத்தில் ‘மினெட்’ ஆகி, ‘மின்ட்’ என்று தேய்ந்தது. ‘மணி’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மொனேட்டா பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததுதான்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. கொற்கைக்குப் பக்கத்தில் அக்காசாலை என்றே ஓர் ஊர் உண்டு. அக்கசாலை என்றால் பொன்வேலை செய்யும் இடம், காசடிக்கும் இடம். சென்னையில் ஆங்கிலேயர் ‘மின்ட் ஸ்ட்ரீட்’ என்றதை நாம் தங்கசாலைத் தெரு என்கிறோம். கம்பட்டம் என்ற சொல்லும் உண்டு. மலையாளத்தில் அது கம்மட்டமாக இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘வார்ப்படச்சாலை’ மட்டும் வேண்டாம். இந்தக் காசுகள் உருக்கி வார்ப்பவை அல்ல, அச்சால் அடிப்பவை. பாடநூலுக்கு ‘நாணயச்சாலைக் குறி’ போதும். எனக்குப் பிடித்தது ‘அக்கசாலைக் குறி’.

இந்தக் குறி சேகரிப்பாளர்களுக்காகப் பிறந்ததல்ல. 1792இல் அமெரிக்கா சட்டம் போட்டு நாணயச்சாலை தொடங்கியபோது, பிலடெல்பியாவில் ஒரே ஒரு நாணயச்சாலைதான். குறிக்குத் தேவையே இல்லை. 1838இல் கிளைச் சாலைகள் காசடிக்கத் தொடங்கியபின், எடையோ மாற்றோ (உலோகத் தூய்மை) குறைந்தால் எந்தச் சாலையைக் கேட்பது என்று தெரிய எழுத்து பொறித்தார்கள். தாய்ச்சாலை பழைய வழக்கப்படி வெறுமையாகவே விட்டது. நம் கொல்கத்தா காசிலும் இப்படித்தான் குறி இருக்காது.

விலைக் கதை இங்கேதான் தொடங்குகிறது. லிங்கன் உருவம் பொறித்த ஒரு சென்ட் 1909இல் வந்தது. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் பின்புறத்தில் இருந்தன. எதிர்ப்பு எழவே சில நாளில் எடுத்துவிட்டார்கள். அதற்குள் பிலடெல்பியா ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் அடித்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ 4,84,000 மட்டும். தேய்ந்த நிலையிலும் ‘எஸ்’ உள்ள காசு பல நூறு டாலர் போகும். அந்த எழுத்து இல்லாததைச் சில டாலருக்கு வாங்கலாம். அதே ஆண்டு, அதே செம்பு, அதே லிங்கன்.

‘குறி இல்லாத காசு, லட்சம் பெறும்’ என்று காணொளிகளில் கூவுகிறார்களே, அதற்கு மயங்காதீர்கள். பெரும்பாலும் அது பிலடெல்பியா காசு, அவ்வளவுதான். 1965 முதல் 1967 வரை எந்தச் சாலையுமே எழுத்துப் பொறிக்கவில்லை. சில்லறைத் தட்டுப்பாட்டுக்குச் சேகரிப்பாளர்களின் பதுக்கலும் காரணம் என்று அரசு நினைத்தது. வெஸ்ட் பாயின்ட்டும் 1974 முதல் பல ஆண்டுகள் குறியின்றி ஒரு சென்ட் அடித்தது.

விதிவிலக்கு எங்கே? குறி இருந்தாக வேண்டிய இடத்தில் இல்லாதபோது. பத்து சென்ட் காசில் ‘பி’ 1980இல் வந்தது. அந்நாளில் எழுத்தை ஒவ்வொரு அச்சிலும் ஆள் கையால் தட்டிப் பதிக்க வேண்டும். 1982இல் யாரோ ஓர் அச்சில் தட்ட மறந்தார். அந்தக் காசு இன்று முகமதிப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் போகிறது. குறியில்லாத 1979 பத்து சென்ட்டோ வெறும் பத்து சென்ட். அதே 1982இன் குறியில்லாத ஒரு சென்ட்டும் அப்படித்தான், ஏனெனில் ஒரு சென்ட்டுக்கு அப்போது ‘பி’ கிடையாது. ஆண்டு, மதிப்பு, எழுத்து மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் விலை பேசக் கூடாது.

காசின் நிலைமையும் பார்க்க வேண்டும். தர நிர்ணயம் செய்வோர் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் கோடிக்கணக்கில் அடித்த காசைக் கைபடாமல் வைத்திருந்தாலும் உச்ச மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே விலை சரிந்துவிடும். குறைவாக அடித்தது வேறு ரகம். 2019இல் வெஸ்ட் பாயின்ட் முதன்முறையாக ‘டபிள்யூ’ பொறித்த கால் டாலர்களைப் புழக்கத்தில் விட்டது. ஐந்து வடிவங்கள், ஒவ்வொன்றும் 20 லட்சம். மக்கள் வங்கிகளில் பணத்தைக் காசுச் சுருள்களாக மாற்றித் தேடினார்கள். கிடைத்தவர்களுக்கு 25 சென்ட் பல டாலரானது.

நாணயச்சாலையின் 225ஆம் ஆண்டையொட்டி 2017இல் ஒரு சென்ட்டில் முதன்முறையாக ‘பி’ பொறித்தார்கள். அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். ஓராண்டு மட்டும் வந்த குறி, அபூர்வமாயிற்றே என்று பலர் எடுத்து வைத்தார்கள். அடித்தது 400 கோடிக்கு மேல். ஒரு சென்ட்டுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.